ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்: கிடங்கிலிருந்து நிரை வரை பாதுகாப்பாகக் கையாளும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் சீவுகிறவர்களுக்கு மழையின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியலுக்கு முன் வெட்டிய (பட்டை சீவிய) மரத்தில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்துவிட்டால், மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சேர்ந்த பால் தண்ணீரோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதற்குள் நிரை (மரவரிசை) நெடுக ஓடி ஓடி ஒவ்வொரு மங்கிலும் சில துளி ஆசிட் விட்டுக் கிளறினால் பால் கட்டியாகி அன்றைய கூலி தப்பும். இந்த அவசரத்தில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. அந்த ஆசிட்டை வாங்குவதிலிருந்து காலிக் கலனை ஒழிப்பது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைச் சிறுதோட்டக்காரர்கள், தோட்டக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அவர்கள் வீட்டார் ஆகிய மூவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதில் தனிப்பட்ட காரணம் உண்டு. என் பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். ஒருநாள் பகல் வெயிலில் சுவரோரம் நின்ற ஆசிட் கலனின் மூடியை, முகம் அதன் நேர்மேலே இருக்கும்படி குனிந்து திருகினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று ஆசிட்டையும் சேர்த்துக்கொண்டு பீறியது. வலது கண்ணில் பட்டது. அருகில் இருந்தவர் பதறிப்போய்க் கைலித் துணியால் கண்ணைத் துடைத்தார். தண்ணீர்க் குழாய் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அங்கே கூட்டிப்போய் இரண்டு நிமிடம் கழுவியதும், "எரிச்சல் குறைஞ்சிருச்சு, போதும் தம்பி" என்று அவரே சொன்னார். அந்தக் கண்ணில் எல்லாம் மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிகிறது என்று இன்றும் சொல்வார். அன்று மூன்று தவறுகள் நடந்தன. கலன் வெயிலில் இருந்தது, தண்ணீர் தொலைவில் இருந்தது, கழுவிய நேரம் போதவில்லை. மூன்றும் தவிர்க்கக் கூடியவை.

எந்த ஆசிட் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

தோட்டப்புறத்தில் 'ஆசிட்' என்ற ஒரே சொல் பல பொருள்களைக் குறிக்கிறது. ஆபத்து அங்கிருந்தே தொடங்குகிறது. ரப்பர் பாலை உறைய வைக்க ஏற்றது பார்மிக் அமிலம். எறும்பின் உடலில் இருப்பதும் இதுதான். 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எறும்புகளைக் காய்ச்சி வடித்தே இதைப் பிரித்தெடுத்ததைப் பதிவு செய்தார். முசுறு எறும்புக் கூட்டைத் தெரியாமல் தட்டிவிட்டவர்களுக்கு அதன் காரமான நெடி தெரிந்திருக்கும். ஆனால் கலனில் வருவது எறும்பு அளவில் இல்லை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் நூற்றுக்கு 85 அல்லது 94 விழுக்காடு செறிவுள்ளது. பார்வைக்குத் தண்ணீரைப் போலவே நிறமற்றுத் தெளிந்திருக்கும்.

விலை மலிவு என்பதற்காகச் சிலர் கந்தக அமிலத்தை, அதாவது பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட்டை, வாங்குகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அது ரப்பரின் தரத்தைக் கெடுக்கும். தண்ணீரோடு சேரும்போது கடுமையாகச் சூடேறித் தெறிக்கும். அதைவிடக் கொடியது, இரண்டு ஆசிட்டின் மிச்சத்தையும் ஒரே கலனில் ஊற்றி வைப்பது. செறிவான கந்தக அமிலம் பார்மிக் அமிலத்தைச் சிதைத்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை வெளியேற்றும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கிடங்கில் நிற்கிற மனிதர் தாம் மயங்கப்போவதை உணராமலே விழுந்துவிடுவார்.

உடலில் இது செய்வது என்ன

செறிவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் பார்மிக் அமிலம் தோலை அரித்துப் புண்ணாக்கும் பொருள்களின் வகையில் சேர்கிறது. 2 முதல் 10 விழுக்காடு வரை உள்ள கரைசல் தோலையும் கண்ணையும் எரிச்சலூட்டும். ஆகவே மங்கில் விடுவதற்காகக் கரைத்து வைத்த ஆசிட் கண்ணில் பட்டாலும் அது சிறிய விஷயம் அல்ல. ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த மூலைகளிலும் மூடிய அறையின் தரையோரத்திலும் தங்கும். மலேசிய விதிகளின்படி எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுவாசிக்கும் காற்றில் இதன் சராசரி அளவு பத்து இலட்சத்தில் 5 பங்கைத் தாண்டக் கூடாது.

பலர் அறியாத ஒன்று உண்டு. இந்த அமிலம் தோலோடு நிற்பதில்லை. பெரிய அளவில் பட்டாலோ விழுங்கப்பட்டாலோ இரத்தத்தில் கலந்து, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி, சிறுநீரகத்தைத் தாக்கும். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து குடித்தவர்களின் கண்பார்வை போவதற்குக் காரணமும், உடலுக்குள் மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறுவதுதான். அதனால் தொடையிலோ முதுகிலோ கையகலத்துக்கு மேல் ஆசிட் கொட்டியவரை, "வலி குறைந்துவிட்டது" என்று வீட்டில் படுக்க வைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாங்குவதும் ஏற்றி வருவதும்

ஆசிட்டை அது அடைக்கப்பட்டு வந்த கெட்டியான பிளாஸ்டிக் கலனில், முத்திரை உடையாமல், ஒட்டுத்தாளோடு வாங்குங்கள். 2013ஆம் ஆண்டு இரசாயன வகைப்பாட்டு விதிகளின்படி, விற்பவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட அபாயக் குறியீட்டு ஒட்டுத்தாளையும் பாதுகாப்புத் தரவுத்தாளையும் தர வேண்டும். கேட்டு வாங்கி, இளையவர் ஒருவரை உரக்கத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நம் தோட்டங்களில் மரம் வெட்டும் மூத்த பெண்கள் பலருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காகக் கலனின் மேல் தமிழில் 'ஆசிட், ஆபத்து' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது பத்து நிமிட வேலை. இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுக்கும் நேரில் காட்டிச் சொல்ல வேண்டும்.

கலனை மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்தோ கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டோ செம்மண் சாலையில் வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு குழியில் வண்டி சாய்ந்தால் ஆசிட் மேல் விழும் இடம் அடிவயிறும் தொடையும்தான். நாலு சக்கர வண்டியின் பின்தட்டில், நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டமாக ஏற்றி வாருங்கள். ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் வைக்காதீர்கள். அளவிலும் ஆசைப்பட வேண்டாம்: இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக வாங்கி வைப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

கிடங்கு

செறிவான பார்மிக் அமிலம் சும்மா இருக்கும்போதும் மெல்ல மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடையும் தண்ணீரையும் உண்டாக்குகிறது. வெப்பம் கூடினால் வேகம் கூடும். மூடி இறுக்கமாக இருந்தால் கலன் உப்பும். என் பெரியம்மாவின் கண்ணுக்கு வந்தது அந்த அழுத்தம்தான். எனவே காற்றை மட்டும் வெளியே விடும் துவாரமுள்ள மூடியோடு வரும் கலனையே கேட்டு வாங்கி, அந்த மூடியை வேறொன்றால் மாற்றாமல் பயன்படுத்துங்கள். நிழலும் காற்றோட்டமும் உள்ள, மேலும் கீழும் திறப்புள்ள அறையே இதற்கு ஏற்றது. தகரக் கூரை போட்ட, சன்னல் இல்லாத பின்கட்டு அறை ஏற்றதல்ல.

கலனைத் தரையிலிருந்து சற்றே உயர்ந்த பிளாஸ்டிக் தட்டின் மேல் வையுங்கள். கண்மட்டத்துக்கு மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். கலன் ஓட்டையானாலும் ஆசிட் வெளியேறாதபடி சுற்றிலும் தடுப்பு இருக்க வேண்டும். அந்தத் தடுப்பு, இருப்பதிலேயே பெரிய கலனின் கொள்ளளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகத் தாங்கினால் போதும். சிறுதோட்டக்காரருக்கு ஓர் ஆழமான பிளாஸ்டிக் தொட்டியே போதுமானது. இரும்பு, துத்தநாகம் பூசிய தகரம், அலுமினியம் ஆகியவற்றை இது அரிக்கும். அரிக்கும்போது தீப்பிடிக்கக் கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். தகர வாளியும் பழைய அலுமினியக் கேத்தலும் இந்த அறைக்குள் நுழையவே கூடாது.

பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்பது அதே அளவு முக்கியம். பாலைக் கெடாமல் காக்கும் அமோனியா பல தோட்டங்களில் இதே கிடங்கில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சூடும் வெண்புகையும் கிளம்பும். துணி வெளுக்கும் மருந்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நைட்ரேட் உரம், ஹைட்ரஜன் பெராக்சைடு, காஸ்டிக் சோடா இவற்றையும் தனி அறையில் வையுங்கள். சிகரெட்டும் நெருப்பும் கூடாது. இதன் ஆவி சூடேறினால் எரியும்.

கதவுக்குப் பூட்டுப் போடுங்கள், சாவி ஒருவரிடம் இருக்கட்டும். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்பது ஒரு காரணம். மனம் உடைந்து நிற்கும் ஒருவரின் கைக்கும் எட்டக் கூடாது என்பது இன்னொரு காரணம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்பது புரியும். பூட்டிய கதவு தருகிற சில நிமிடத் தாமதம் ஓர் உயிரைத் திருப்பித் தரும்.

ஆசிட்டுக்கு முன் தண்ணீர்

மூடியைத் திறப்பதற்கு முன் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். கண்ணைக் கழுவ நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 20 நிமிடத்துக்கு 30 லிட்டர் வேண்டும். உடலில் கொட்டினால் சாதாரணக் குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டர் தந்தால்கூட 20 நிமிடத்துக்கு 200 லிட்டர் ஆகும். ஒரு பாட்டில் தண்ணீரோ ஒரு வாளித் தண்ணீரோ இதற்குப் போதாது. கரைக்கும் இடத்திலிருந்து பத்து எட்டுக்குள் ஓடும் குழாயும் நீளமான ரப்பர் குழாயும் இருக்க வேண்டும். குழாய் இல்லையென்றால் அடியில் திருகு வைத்த 200 லிட்டர்த் தொட்டி ஒன்றை மூடியோடு நிறுத்தி, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். கண்ணில் ஆசிட் பட்டவரால் கண் திறந்து நடக்க முடியாது. பாதை தடையின்றி இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தபோதுதான் வழியில் கிடந்த உரமூட்டை காலில் இடித்தது.

கரைக்கும் முறை

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். இன்னொருவர் சற்றுத் தள்ளி நிற்கட்டும். பக்கவாட்டிலும் மூடிய இரசாயனக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்தை மறைக்கும் தடுப்பு, முழங்கை வரை எட்டும் நியோப்ரீன் அல்லது பியூட்டைல் கையுறை, பிளாஸ்டிக் மேலங்கி, ரப்பர் சப்பாத்து ஆகியவை வேண்டும். கால்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகாமல் வெளியே விடுங்கள், இல்லையேல் வழிகிற ஆசிட் சப்பாத்துக்குள் தேங்கும். மருத்துவமனையில் போடும் மெல்லிய கையுறை இதற்கு உதவாது. பருத்திக் கையுறை ஆசிட்டை உறிஞ்சித் தோலோடு பிடித்து வைக்கும் என்பதால் வெறுங்கையைவிட மோசமானது. நோய்க்கிருமிக்கான துணி முகமூடியும் மருத்துவ முகமூடியும் ஆவியைத் தடுக்கா. திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கம் இருந்து வீசும்படி நின்று செய்யுங்கள்; மூடிய அறையில் செய்தே ஆக வேண்டிய தோட்டங்களில் அமில ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய முகக்கவசம் தேவை.

காலை நேரத்தில், கலன் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். கலன் உப்பியிருந்தால் திறக்க வேண்டாம். நிழலில் விட்டு, குளிர்ந்த பின் முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருகி, காற்று போகும் ஓசை நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு பிளாஸ்டிக் வாளியில் அளந்த தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரில் ஆசிட்டை மெல்ல ஊற்ற வேண்டும். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பார்மிக் அமிலம் கந்தக அமிலத்தைப்போல் கொதிக்காது என்பது உண்மைதான், ஆனாலும் இந்த ஒழுங்கைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் எந்த ஆசிட் கையில் வந்தாலும் அது காப்பாற்றும்.

2 விழுக்காட்டுக் கரைசலுக்கு, 85 விழுக்காடு ஆசிட் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி. 94 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 175 மில்லி. கண்ணளவாக ஊற்றாதீர்கள். கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையும், கலனிலிருந்து எடுக்கக் கைப்பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இழுக்கும் பழக்கம் எங்கேனும் இன்னும் இருந்தால் இன்றே நிறுத்தப்பட வேண்டும். மர அகப்பையாலோ பிளாஸ்டிக் கோலாலோ கிளறி, ஆசிட் கலனை உடனே மூடி, பூட்டிவிடுங்கள். செறிவான ஆசிட் கிடங்கையும் கரைக்கும் இடத்தையும் தாண்டி வெளியே போகவே கூடாது. நிரைக்குப் போவது கரைசல் மட்டும்.

நிரைக்கு எடுத்துச் செல்வது

இந்தக் கட்டுரையில் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் பகுதி இதுதான். நிரையில் ஆசிட் விட, மூடியில் துளையிட்ட பழைய குடிதண்ணீர் பாட்டிலையோ குளிர்பானப் பாட்டிலையோ கொண்டு போகிறார்கள். அதே தூக்குப்பையில் குடிக்கத் தண்ணீரும் இருக்கிறது. இரண்டும் தெளிந்த நீர், இரண்டும் ஒரே பாட்டில். மதிய வெயிலில் தாகத்தோடு கை நீட்டுகிறவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? மிச்சத்தோடு வீடு திரும்பும் பாட்டில் அடுப்படித் திட்டில் வைக்கப்படுகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளை அதை எடுக்கிறது.

உணவுக்கோ குடிநீருக்கோ பயன்பட்ட எந்தப் பாத்திரத்திலும் ஆசிட் ஊற்றக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். வண்ணத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்ட, அழுத்தினால் சொட்டும் தடித்த பாட்டிலை வாங்கி, அதில் சிவப்புப் பட்டை சுற்றி 'ஆசிட்' என்று எழுதுங்கள். இடுப்புப் பட்டையில் ஆசிட், தோள்பையில் குடிதண்ணீர் என்று இடத்தையும் பிரித்துவிடுங்கள். மிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவராமல் நேரே கிடங்குக்குக் கொண்டு போங்கள். நிரைக்குள்ளும் கண் கழுவும் தண்ணீர் வேண்டும்; தீம்பாரின், அதாவது ரப்பர்க் காட்டின், நுழைவாயிலில் சுத்தமான தண்ணீர்க் கலன் ஒன்றை வைப்பதோடு, மோட்டார் சைக்கிளில் ஐந்து லிட்டராவது எடுத்துச் செல்லுங்கள். மங்குக்குள் விடும்போது மங்கு கண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உயரமான வெட்டில் தொங்கும் மங்கை இறக்கி வைத்து விடுங்கள்.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் பட்டால், துடைக்கவோ கசக்கவோ விடாமல், அந்த நொடியே தண்ணீருக்குக் கொண்டு போங்கள். பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கம் தண்ணீர் ஓடும்படி, இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். வலியால் இமை இறுகும்; பிடிப்பதற்கு இன்னொருவர் தேவை. கைப்பேசியில் மணி பார்த்து, முழுதாக 20 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம். எரிச்சல் குறைவது கழுவுதலை நிறுத்துவதற்கான அறிகுறி அல்ல. இதற்கிடையே இன்னொருவர் 999 அழைக்கட்டும். வண்டியில் போகும்போதும் தண்ணீர் விட்டுக்கொண்டே போகலாம். சுங்கை சிப்புட் மருத்துவமனையில் முதலுதவி பெற்று, கண் நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள்.

தோலில் பட்டால், தண்ணீர் விட்டுக்கொண்டே ஆடை, கைக்கடிகாரம், நகை, சப்பாத்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெட்கப்படும் நேரம் அல்ல. நனைந்த புடைவையோ கைலியோ உடலில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காயம் ஆழமாகிறது. பெண்களுக்கு மறைப்பாக நிற்கத் துணி ஒன்றைக் கிடங்கிலேயே மடித்து வையுங்கள். காயத்தின் மேல் பற்பசை, கீச்சாப்பு (சோயா சாஸ்), தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசக் கூடாது. சோடா மாவைக் கரைத்து ஊற்றி ஆசிட்டை 'முறிக்க' முயல்வதும் கூடாது, அந்த வினையில் பிறக்கும் வெப்பம் புண்ணை இன்னும் சுடும். தண்ணீர் மட்டுமே மருந்து.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; போகும்போது சுட்ட தொண்டையைத் திரும்பி வரும்போது மீண்டும் சுடும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, உடனே 999. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. எந்த நேரங்களில் பேசலாம் என்பதை இன்றே அழைத்துக் கேட்டுச் சுவரில் எழுதிவிடுங்கள். ஆசிட் கலனின் ஒட்டுத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். 'ஆசிட் குடித்துவிட்டார்' என்பது மருத்துவருக்குப் பாதிச் செய்திதான். பெயரும் செறிவும் தெரிந்தால்தான் அவர் இரத்தப் பரிசோதனையையும் சிறுநீரகக் கண்காணிப்பையும் தாமதமின்றித் தொடங்க முடியும்.

ஆவியைச் சுவாசித்தவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து சாய்ந்து உட்கார வையுங்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் தோன்றக் கூடும் என்பதால், இருமல் நின்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிடங்குக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால், ஓடி உள்ளே நுழையாதீர்கள். கதவுகளைத் திறந்துவிட்டு, தீயணைப்புத் துறையான போம்பாவை 999 வழியாக அழையுங்கள்.

தரையில் கொட்டினால்

இங்கே பலரும் சமையல் சோடாவை நம்புகிறார்கள். நம்பலாம், ஆனால் கணக்குப் பார்த்து. 85 விழுக்காடு ஆசிட் ஒரு லிட்டரை முறிக்க ஏறத்தாழ 2 கிலோ சோடா வேண்டும். 35 கிலோ கலன் முழுவதும் கொட்டினால் 50 கிலோவுக்கு மேல் தேவைப்படும். அடுப்படியில் இருக்கும் ஒரு பொட்டலம் ஒரு குவளைக் கசிவுக்கு மட்டுமே ஆகும். சிறு கசிவென்றால், கவசங்களை அணிந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நுரை அடங்கிய பின் ஆற்றுமணலால் மூடி, பிளாஸ்டிக் வாரியால் அள்ளுங்கள். பெருங்கசிவென்றால் ஆட்களை மேல்காற்றுப் பக்கம் விலக்கி, சாக்கடைக்கோ ஓடைக்கோ போகாதபடி எட்ட நின்று மணலால் அணை போட முடிந்தால் போட்டுவிட்டு, மீதியைப் போம்பாவிடம் விடுங்கள். 2019ஆம் ஆண்டு மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். நம் ஓடைகளும் ஏதோ ஓர் ஊரின் குடிநீரில்தான் சேர்கின்றன.

முதலாளியின் பொறுப்பு

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்குக் கீழுள்ள 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, இரசாயனத்தால் தொழிலாளருக்கு வரக்கூடிய ஆபத்தை முதலாளி மதிப்பீடு செய்து, பயிற்சியும் கவசமும் தர வேண்டும். கையுறைக்குக் கூலியில் பிடித்தம் செய்வதாகச் சொன்னால் தொழிலாளர் கேள்வி கேட்கலாம். விபத்து நடந்தால் அன்றே தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள், பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இழப்பீட்டுக்கு அந்தப் பதிவு தேவைப்படும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்கி, கண்ணைக் கழுவும் முறையை ஒருவருக்கொருவர் செய்து காட்டுவது, சுவரில் ஒட்டிய எந்தத் தாளையும்விடப் பயன் தரும் என்பது என் கருத்து.

காலிக் கலன்

காலியான ஆசிட் கலனை மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். அந்தக் கழுவு நீரை வீணாக்காமல் அடுத்த கரைசலுக்கான தண்ணீரில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகும் கலன் குடிநீருக்கோ அரிசிக்கோ ஆகாது. தோட்டங்களில் இரசாயனம் பட்ட காலிக் கலன்கள் 2005ஆம் ஆண்டு விதிகளின் கீழ் எஸ்டபிள்யூ 409 என்ற குறியீடு பெற்ற பட்டியலிடப்பட்ட கழிவு. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். சிறுதோட்டக்காரர், வாங்கிய கடைக்காரர் திரும்பப் பெறுவாரா என்று வாங்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. ஒப்படைக்கும்வரை கலனின் வயிற்றில் கத்தியால் இரண்டு துளை போட்டு வையுங்கள், அப்போது அதில் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். கண் கழுவுவதற்காக நீங்கள் வைக்கப்போகும் தண்ணீர்த் தொட்டியும் கடையிலிருந்து புதிதாக வந்ததாகவே இருக்கட்டும்.